பாய்காட்: ஒரு பண்ணை முகவரின் பெயர் உலகச் சொல்லான கதை

சாலை போட்டுத் தரவில்லை என்று ஒரு ஊரே சேர்ந்து வாக்களிக்க மறுக்கிறது. மறுநாள் செய்தித்தாளில் அது ‘தேர்தல் புறக்கணிப்பு’. டீக்கடையில் அதைப் படிப்பவர் ‘ஊரே பாய்காட் பண்ணிடுச்சு’ என்கிறார். இரண்டும் ஒரே பொருள்தான். ஆனால் பாய்காட் என்பது 1880 வரை எந்த மொழியிலும் வினைச்சொல்லாக இருந்ததில்லை. அது ஒரு மனிதரின் குடும்பப் பெயர். அவர் உயிரோடு இருக்கும்போதே, அவருக்கு எதிராக நடந்த போராட்டத்துக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள்.

சார்லஸ் கன்னிங்ஹம் பாய்காட் 1832இல் இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் பிறந்தவர். பிறந்தபோது குடும்பப் பெயர் ‘பாய்கேட்’. அவர் சிறுவனாக இருந்தபோதுதான் குடும்பத்தார் ஓர் எழுத்தை மாற்றிப் பாய்காட் ஆக்கிக்கொண்டார்கள். சில ஆண்டுகள் பிரிட்டிஷ் படையில் இருந்துவிட்டு அயர்லாந்தின் மேற்குக் கரையில் மேயோ மாவட்டத்துக்குக் குடியேறினார். கேப்டன் பாய்காட் என்றுதான் ஊரில் அழைத்தார்கள். 1870களில் லாஃப் மாஸ்க் என்ற ஏரியின் கரையில் பெரிய பண்ணை ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து விவசாயம் செய்தார். அதோடு, எர்ன் பிரபு என்ற நிலச்சுவான்தாரின் முகவராக, சுற்றியிருந்த குத்தகைக் குடிகளிடம் வாரம், அதாவது நிலக் குத்தகைப் பணம், வசூலிக்கும் வேலையும் பார்த்தார். நிலத்துக்குச் சொந்தக்காரரான பிரபு வேறு மாவட்டத்தில் இருந்தார். குடிகளின் கண்ணுக்குத் தெரிந்த அதிகாரம் பாய்காட்தான்.

அந்தக் குடிகளின் நிலைமையைச் சொல்லாமல் கதை புரியாது. 1840களின் பிற்பாதியில் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கி, அயர்லாந்தில் சுமார் 10 லட்சம் பேர் பஞ்சத்தில் செத்தார்கள். அதற்கு நிகராக இன்னொரு பங்கு மக்கள் கப்பலேறிப் போனார்கள். அந்த நினைவு ஆறுவதற்குள் 1879இல் மறுபடி விளைச்சல் பொய்த்தது. வாரம் கட்ட முடியாதவர்களை வீட்டைவிட்டு வெளியேற்றச் சட்டம் இடம் கொடுத்தது. அந்த ஆண்டு அக்டோபரில் ஐரிஷ் நிலச் சங்கம் தொடங்கப்பட்டது. சார்லஸ் ஸ்டூவர்ட் பார்னெல் தலைவர். அதற்கு அடித்தளம் போட்ட மைக்கேல் டேவிட், தன் குழந்தைப் பருவத்தில் குடும்பத்தோடு வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டவர்.

1880 செப்டம்பர் 19ஆம் தேதி எனிஸ் என்ற ஊரில் பார்னெல் பேசினார். ஒருவரை வெளியேற்றிவிட்டு விடப்படும் நிலத்தை இன்னொருவன் போய்க் குத்தகைக்கு எடுத்தால் அவனை என்ன செய்வீர்கள் என்று கூட்டத்தைக் கேட்டார். ‘சுட்டுத் தள்ளு’ என்று குரல்கள் எழுந்தன. அதைவிட நல்ல வழி, கிறித்துவ நெறிக்கு ஏற்ற வழி ஒன்று இருக்கிறது என்றார் பார்னெல். வழியில் பார்த்தால் ஒதுங்கிப் போங்கள், கடையில், சந்தையில், கோயிலில்கூட அவனோடு சேராதீர்கள், தனியே விட்டுவிடுங்கள் என்பதுதான் அவர் சொன்ன வழி. இரத்தம் சிந்தாமல் போராட ஒரு திட்டம் அங்கே பிறந்தது. அதற்கு இன்னும் பெயர் மட்டும் வைக்கவில்லை.

மூன்றே நாளில் லாஃப் மாஸ்கில் அது நடந்தது. விளைச்சல் மோசம் என்பதால் வாரத்தில் 25 சதவீதம் குறைக்கக் கேட்டார்கள் குடிகள். பிரபு 10 சதவீதத்துக்கு மேல் இறங்கவில்லை. 22ஆம் தேதி வெளியேற்ற நோட்டீஸ் கொடுக்க நீதிமன்ற ஆள் ஒருவர் போலீஸ் பாதுகாப்போடு வந்தார். மூன்று வீட்டில் கொடுத்தார். அடுத்த வீட்டுப் பெண் வாங்க மறுத்து, சிவப்புத் துணியை ஆட்டி அக்கம்பக்கத்துக்குச் சைகை காட்டினாள். ஊர்ப் பெண்கள் திரண்டு வந்து சேற்றையும் சாணத்தையும் வாரி வீசியதில், வந்தவர்கள் பாய்காட் வீட்டுக்குள் ஓடி ஒளிய வேண்டியதாயிற்று. மறுநாள் ஒரு கூட்டம் பண்ணைக்குப் போய் வேலையாட்களை வெளியே வரச் சொன்னது. சிலர் மனமொப்பியும் சிலர் பயந்தும் வந்துவிட்டார்கள்.

அப்புறம் நடந்ததைப் பாய்காட்டே லண்டன் டைம்ஸ் பத்திரிகைக்குக் கடிதமாக எழுதினார். அது அக்டோபர் 18ஆம் தேதி வெளியானது. கடைக்காரர்கள் அவருக்குச் சாமான் தரக் கூடாது. கொல்லர் அவர் வேலையைத் தொட்டால் கொலை செய்வோம் என்று மிரட்டல் கடிதம். துணி துவைத்துக் கொடுக்கும் பெண்ணுக்கும் தடை. தபால் கொண்டுவரும் பையனை மிரட்டி நிறுத்திவிட்டார்கள். கேட்டுப் பூட்டுகள் உடைக்கப்பட்டன, மதில் இடிக்கப்பட்டது, மாடுகள் சாலைக்கு விரட்டப்பட்டன. ஆகவே இதை முழுக்க முழுக்க அமைதிப் போராட்டம் என்று வர்ணிப்பது சரியல்ல. மிரட்டலும் அதில் இருந்தது. ஆனால் பாய்காட்டின் உடம்பில் ஒரு கீறல் விழவில்லை என்பதும் உண்மை.

விளைந்த பயிரை அறுக்க ஆளில்லை. கடிதம் பத்திரிகையில் வந்ததும் நிலச்சுவான்தார்களின் ஆதரவாளர்கள் நிதி திரட்டினார்கள். கேவன், மோனகன் மாவட்டங்களிலிருந்து 50 புராட்டஸ்டன்ட் தொண்டர்கள் அறுவடைக்குக் கிளம்பினார்கள். அவர்களைக் காக்க அரசு ஆயிரம் பேர் அளவுக்குச் சிப்பாய்களையும் போலீசையும் அனுப்பியது. கிளேர்மாரிஸ் ரயில் நிலையத்தில் இறங்கியவர்களுக்கு வண்டி கொடுக்க யாரும் முன்வராததால், நவம்பர் மழையில் நடந்தே போனார்கள். இரண்டு வாரம் கூடாரம் போட்டு, துப்பாக்கிக் காவலில் உருளைக்கிழங்கும் டர்னிப்பும் தோண்டினார்கள். பயிரின் மதிப்பு சுமார் 500 பவுண்டு. அதை எடுக்க ஆன செலவு 10,000 பவுண்டுக்குக் குறையாது. ஒரு டர்னிப்புக்கு ஒரு ஷில்லிங் என்று கணக்குச் சொன்னார் பார்னெல். அந்த ஆண்டு முடிவதற்குள் பாய்காட் குடும்பத்தோடு அயர்லாந்தை விட்டுப் போய்விட்டார்.

சரி, பெயர் எப்படி வந்தது? ஜேம்ஸ் ரெட்பாத் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் அப்போது அங்கே சுற்றிச் செய்தி சேகரித்துக்கொண்டிருந்தார். ஊர்ப் பாதிரியார் ஜான் ஓமாலியோடு சாப்பிட உட்கார்ந்தபோது, இப்படி ஒருவரை ஊரே ஒதுக்குவதற்கு என்ன சொல் எழுதுவது என்று குழம்பினார். ஆங்கிலத்தில் ‘ஆஸ்ட்ரசிசம்’ என்ற சொல் உண்டு. பழைய ஏதென்ஸில் மக்கள் உடைந்த மண்பாண்டச் சில்லில் பெயரைக் கீறிப்போட்டு, அதிகம் பேர் எழுதிய ஆளைப் பத்து ஆண்டு நாடு கடத்துவார்கள். சில்லைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது அது. ஆனால் விவசாயிகளுக்கு அந்தச் சொல் விளங்காதே என்றார் ரெட்பாத். பாதிரியார் கொஞ்சம் யோசித்துவிட்டு, ‘பாய்காட் செய்வது’ என்றே வைத்துக்கொள்ளலாமே என்றார். இதை எழுதிவைத்தவர் ரெட்பாத்தான். நவம்பருக்குள் லண்டன் பத்திரிகைகள் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டன. பிறகு பிரெஞ்சு, ஜெர்மன், ரஷ்யம், ஜப்பானியம் என்று போய்க்கொண்டே இருந்தது. பாய்காட் 1897இல் காலமானபோது, அவரைப் பார்த்தே இராத தேசங்களில் அவர் பெயர் வினைச்சொல்லாகியிருந்தது.

செயல் மட்டும் அதற்கு வெகு முந்தையது. 1791இல் அடிமை வியாபாரத்தைத் தடுக்கும் மசோதா பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் தோற்றபோது, அடிமைகள் உழைப்பில் விளைந்த சர்க்கரையை வாங்க மாட்டோம் என்று வீடு வீடாக மக்கள் முடிவெடுத்தார்கள். அப்படி விட்டவர்கள் சுமார் 3 லட்சம் பேர் என்று கணக்கிட்டார் தாமஸ் கிளார்க்சன். வீட்டுச் சாமான் பட்டியலை எழுதும் பெண்கள், ஓட்டுரிமை இல்லாமலேயே, இதில் முன்னால் நின்றார்கள். இன்று நாம் பாய்காட் என்று சொல்லும்போது மனதில் வரும் வடிவம் மேயோவைவிட இதற்குத்தான் நெருக்கம்.

இந்தியாவுக்கு இந்தச் சொல் பெருமளவில் வந்தது வங்கப் பிரிவினையோடு. 1905 ஆகஸ்ட் 7ஆம் தேதி கல்கத்தா டவுன் ஹால் கூட்டத்தில் துணி உள்ளிட்ட பிரிட்டிஷ் பொருட்களைப் புறக்கணிக்கும் தீர்மானம் நிறைவேறியது. ‘பகிஷ்காரம்’ என்ற சொல் தமிழ்ப் பத்திரிகைகளில் புழங்கியது இந்தக் காலத்தில்தான். வடமொழியில் பகிஸ் என்றால் வெளியே, காரம் என்றால் செய்கை. வெளியே தள்ளுவது என்பது நேர்ப்பொருள். அதே வேரிலிருந்து வந்ததுதான் அம்பேத்கர் 1927இல் தொடங்கிய ‘பகிஷ்க்ருத் பாரத்’ பத்திரிகையின் பெயர். அங்கே அது சமூகம் வெளியே தள்ளிய மக்களைக் குறித்தது. துணியைத் தள்ளும் போராட்டத்துக்கும், மனிதரைத் தள்ளும் கொடுமைக்கும் ஒரே வேர்ச்சொல்.

இலங்கைத் தமிழில் இந்தச் சொல் இன்னும் உயிரோடு இருக்கிறது. 1931இல் இலங்கை அரசாங்க சபைக்கு முதல் தேர்தல் நடந்தபோது, முழுச் சுயராஜ்யம் தரவில்லை என்று யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் பகிஷ்கரிப்பு அறிவித்தது. வடக்கில் நான்கு தொகுதிகளில் வேட்பு மனுவே தாக்கல் ஆகவில்லை. இன்றும் அங்கே ஊழியர்கள் வேலையில் இறங்காமல் போராடினால் ‘பணிப்பகிஷ்கரிப்பு’ என்றுதான் செய்தி வரும். தமிழ்நாட்டில் அதை வேலைநிறுத்தம் என்போம்.

நல்ல தமிழ்ச் சொல் என்று கேட்டால் தயங்காமல் ‘புறக்கணிப்பு’ என்பேன். புறம் என்றால் வெளி, முதுகுப் பக்கம். கணித்தல் என்றால் எண்ணுதல், மதித்தல். ஒன்றை மதிப்பதிலிருந்து வெளியே வைத்து முதுகைக் காட்டுவதுதான் புறக்கணித்தல். பகிஷ்காரத்தில் தள்ளுகிறோம், புறக்கணிப்பில் நாம் விலகிக்கொள்கிறோம். துணி வாங்க மறுத்தவர்களும் பாய்காட்டின் பண்ணையில் வேலை செய்ய மறுத்தவர்களும் செய்தது இந்தப் பின்னதைத்தான்.

ஒரு சிக்கல் உண்டு. ‘அரசு எங்கள் ஊரைப் புறக்கணிக்கிறது’ என்றால் அது அலட்சியம், பாய்காட் அல்ல. பாய்காட்டில் பலர் கூடி முடிவெடுக்க வேண்டும், வெளிப்படையாக அறிவிக்க வேண்டும், ஒரு கோரிக்கை இருக்க வேண்டும். கோரிக்கை நிறைவேறினால் முடிந்துவிடும். பொருள் மயங்கும் இடங்களில் ‘புறக்கணிப்புப் போராட்டம்’, ‘கூட்டுப் புறக்கணிப்பு’ என்று எழுதினால் குழப்பம் வராது. சட்டசபையில் கூட்டத்துக்கு வந்துவிட்டு நடுவில் எழுந்து போவது வெளிநடப்பு. கூட்டத்துக்கே வராமல் இருப்பது புறக்கணிப்பு.

‘ஊர்விலக்கு’ என்ற சொல்லைப் பாய்காட்டுக்குப் போடவே கூடாது. சிலர் மொழிபெயர்ப்பில் போடுகிறார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் மேயோவில் நடந்ததும் ஊர்விலக்கு போலத்தான் தெரியும். ஆனால் நம் ஊர்களில் விலக்கிவைப்பது பெரும்பாலும் கை ஓங்கியவர்கள். சாதி மாறிக் கல்யாணம் செய்தார்கள் என்றோ, பஞ்சாயத்துப் பேச்சைக் கேட்கவில்லை என்றோ ஒரு குடும்பத்துக்குத் தண்ணீரும் கடைச் சாமானும் மறுப்பார்கள். லாஃப் மாஸ்கில் வாரம் கட்டும் குடிகள் வாரம் வசூலிக்கும் ஆளுக்கு வேலை செய்ய மறுத்தார்கள். யார் யாரை ஒதுக்குகிறார்கள் என்பதைப் பார்த்தே சொல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எளிய குடும்பத்தின் மேல் ஊர் விதிப்பது ஊர்விலக்கு. வலுத்தவரிடமிருந்து எளியவர்கள் தங்கள் உழைப்பையும் காசையும் வாக்கையும் திரும்ப எடுத்துக்கொள்வது புறக்கணிப்பு.