குளிர்ந்த எஞ்சினும் வெப்பக் கணக்கும்

கடும் குளிரில் காரை ஸ்டார்ட் செய்துவிட்டு, வெப்ப ஊசி மேலே ஏறும்வரை நின்ற இடத்திலேயே ஓடவிடுகிற பழக்கம் பலருக்கு உண்டு. எஞ்சினுக்கு நல்லது செய்வதாகத்தான் நினைக்கிறார்கள். ஆனால் எஞ்சினைச் சூடாக்க இருக்கிற வழிகளிலேயே மிக மெதுவான வழி அதுதான். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும்.

ஒரு சிறிய காரின் எஞ்சினை 100 கிலோ அலுமினியம் என்று வைத்துக்கொள்வோம். அதோடு எஞ்சினுக்குள் சுற்றி ஓடி வெப்பத்தை வாங்கிச் செல்லும் திரவமான கூலன்ட் 6 லிட்டர், ஆயில் 4 லிட்டர். இவ்வளவையும் 0 டிகிரி செல்சியஸிலிருந்து 90 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறத்தாழ 10 மெகாஜூல் வெப்பம் வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலை எரித்தால் சுமார் 32 மெகாஜூல் கிடைக்கும். அப்படியென்றால் ஒரு லிட்டரில் மூன்றில் ஒரு பங்கு போதும். இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் அந்தப் பெட்ரோல் எவ்வளவு வேகமாக எரிகிறது, எரிந்த வெப்பம் எங்கே போய்ச் சேருகிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

நின்றபடி ஓடும் எஞ்சின் மணிக்கு 1 லிட்டர் அளவுக்குத்தான் பெட்ரோல் குடிக்கும். அது சுமார் 9 கிலோவாட். அதில் ஏறக்குறைய பாதி புகையோடு சைலன்சர் வழியே போய்விடும். எஞ்சினில் தங்குவது நாலைந்து கிலோவாட். அதே கார் 50 கிலோமீட்டர் வேகத்தில் நிதானமாகப் போகும்போது மணிக்கு 3 லிட்டர் எரிகிறது என்றால் அது 27 கிலோவாட். சக்கரத்தைச் சுழற்றியது, புகையோடு போனது எல்லாம் கழித்தாலும் 9 கிலோவாட் அளவுக்கு எஞ்சினில் தங்கும். இரு மடங்கு! கூடவே போகவேண்டிய தூரமும் குறைகிறது.

பிறகு ஏன் அந்தப் பழக்கம்? பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்க கார்புரேட்டர் என்ற பாகம் இருந்த காலத்தில் அதற்குக் காரணம் இருந்தது. குளிர்ந்த பெட்ரோல் எளிதில் ஆவியாகாது. ஆவியாகாத பெட்ரோல் சரியாகப் பற்றாது. ஈர விறகைப் பற்றவைக்க மண்ணெண்ணெயைத் தாராளமாக ஊற்றுவது போல, காற்றைக் குறைக்கும் சோக் என்ற பிடியை இழுத்துப் பெட்ரோலின் பங்கைக் கூட்டித்தான் எஞ்சினை உயிரோடு வைத்திருக்க முடியும். சூடேறுவதற்குள் கிளம்பினால் வண்டி திக்கித் திணறி நின்றுவிடும். இன்றைய எஞ்சினில் இந்த வேலையை கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. சென்சார் சொல்லும் வெப்பநிலைக்கு ஏற்ப இன்ஜெக்டர்கள் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கின்றன. எனவே காத்திருக்க வேண்டிய தேவை போய்விட்டது. பழக்கம் மட்டும் தங்கிவிட்டது.

தேவையில்லை என்பதோடு முடிந்தால் பரவாயில்லை. எஞ்சின் குளிராக இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் கூடுதல் பெட்ரோல் உள்ளே போகிறது. அதில் ஒரு பகுதி எரியாமல் சிலிண்டர் சுவரில் படிந்து, அங்கே இருக்கும் ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி ஆயிலோடு கலக்கிறது. தண்ணீரும் சேருகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் உருவாகும் என்பது பலருக்குத் தெரியாது. சூடான எஞ்சினில் அது ஆவியாகவே வெளியேறிவிடும். குளிர்ந்த எஞ்சினில் பிஸ்டன் ஓரமாகக் கசியும் பங்கு ஆயிலுக்குள் திரவமாகத் தங்கிவிடும். தினமும் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடுகிற கார்களின் ஆயில் மூடியைத் திறந்தால் அடியில் வெளிர் மஞ்சள் கசடு இருப்பது இதனால்தான். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் 250, 300 டிகிரி எட்டும்வரை ஒழுங்காக வேலை செய்யாது. ஒரு சிறு பயணத்தின் நச்சுப் புகையில் பெரும்பகுதி முதல் ஓரிரு நிமிடங்களில் வெளியேறுவதுதான்.

சரி, அப்போது என்ன செய்வது? ஸ்டார்ட் செய்ததும் அரை நிமிடம், கடும் உறைபனி என்றால் ஒரு நிமிடம். ஆயில் மேலே ஏறிப் பரவ அது போதும். கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டித் துடைத்த பிறகே ஸ்டார்ட் செய்தால் அந்த நேரமும் வீணாகாது. அப்புறம் கிளம்பிவிடலாம், ஆனால் மெதுவாக. எஞ்சின் நிமிடத்துக்கு 2,000, 2,500 சுற்றுக்கு மேல் போகாமல், ஆக்சிலரேட்டரை ஓங்கி மிதிக்காமல் மெல்ல அழுத்தி ஓட்டவேண்டும். இதில் ஒரு ஏமாற்று இருக்கிறது. ஊசி நடுவுக்கு வந்துவிட்டால் எஞ்சின் தயார் என்று நினைக்கிறோம். ஊசி காட்டுவது கூலன்டின் வெப்பத்தை. ஆயில் அதைவிட நிதானமாகவே சூடாகும், எனவே ஊசி நின்ற பிறகும் சில கிலோமீட்டருக்கு அதே மரியாதை தேவை. குளிரில் தடித்துப்போகாத ஆயிலை ஊற்றுவதும் உதவும். டப்பாவில் டபிள்யூ (W) என்ற எழுத்துக்கு முன்னால் இருக்கும் எண் எவ்வளவு குறைவோ, அவ்வளவு குளிரிலும் அது ஓடும். 5டபிள்யூ ஆயில் பம்ப்புக்குள் போகிறதா என்று மைனஸ் 35 டிகிரியில் சோதிக்கிறார்கள்; 15டபிள்யூ ஆயிலுக்கு அந்தச் சோதனை மைனஸ் 25 டிகிரியில்தான். உங்கள் வண்டிக்கு எது என்று கையேடு சொல்வதை மீறவேண்டாம்.

இன்னொன்று, காருக்குள் இருக்கும் ஹீட்டர். அதற்கு வெப்பம் கூலன்டிலிருந்துதான் வருகிறது. முழு வேகத்தில் வைத்தால் சில கிலோவாட்டை அது உறிஞ்சிக்கொள்ளும். நின்றபடி ஓடும் எஞ்சினுக்குக் கிடைப்பதே நாலைந்து கிலோவாட் என்று பார்த்தோம். வரவும் செலவும் சமமாகிவிட்டால் ஊசி பாதி வழியில் நின்றுவிடும். டீசல் எஞ்சினில் இது இன்னும் மோசம், ஏனென்றால் அது நிற்கும்போது எரிபொருளைக் குறைவாக எரித்து, தேவைக்கு அதிகமான குளிர்காற்றை உள்ளிழுத்துத் தள்ளுகிறது. முதல் சில நிமிடம் ஹீட்டர் விசிறியை அணைத்து வைத்தால் எஞ்சின் முந்திச் சூடாகும். கை விறைத்திருக்கும் நேரத்தில் இந்த அறிவுரை யாருக்கும் பிடிக்காது என்பதும் உண்மை. கண்ணாடியில் ஆவி படிந்து மங்கிவிட்டால் விசிறியைப் போடத்தான் வேண்டும், பார்வைதான் முதலில்.

ரேடியேட்டருக்கு முன்னால் அட்டை வைப்பதைப் பற்றியும் சொல்லவேண்டும். கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகும் வழியில் தெர்மோஸ்டாட் என்ற வால்வு இருக்கிறது; எஞ்சின் குளிராக இருக்கும்போது அது மூடியிருக்கும். அதற்குள் ஒரு சின்னக் குப்பியில் மெழுகு இருக்கிறது. கூலன்ட் 80, 90 டிகிரி வந்ததும் மெழுகு உருகி விரிந்து, ஒரு தண்டைத் தள்ளி வால்வைத் திறக்கும். அதுவரை ரேடியேட்டர் பக்கம் கூலன்ட் போவதே இல்லை. அப்படியானால் அட்டையால் கிடைப்பது என்ன? எஞ்சினின் மேல் நேராக அடிக்கும் குளிர்காற்று குறைகிறது, அவ்வளவே. அது சிறு லாபம். எடுக்க மறந்தால் எஞ்சின் கொதித்துவிடும். பல புதிய கார்களில் முகப்புக் கிரில்லில் தானே மூடித் திறக்கும் பட்டைகள் இருப்பது இதே வேலையை மறதியில்லாமல் செய்யத்தான்.

உண்மையான பலன், வெப்பத்தை வெளியிலிருந்து கொடுப்பதில் இருக்கிறது. 1940களில் அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஃப்ரீமன், எஞ்சின் தலைப்பகுதியின் போல்ட் ஒன்றுக்குப் பதிலாகப் பொருத்தக்கூடிய மின்சார ஹீட்டரை உருவாக்கினார். இன்று கனடாவிலும் பின்லாந்திலும் வாகன நிறுத்தங்களில் மின் ப்ளக் இருப்பது, பிளாக் ஹீட்டர் எனப்படும் அதன் வாரிசுகளுக்காக. 600 வாட் ஹீட்டர் இரண்டு மணி நேரத்தில் 4 மெகாஜூலுக்கு மேல் கொடுக்கும். நமது 10 மெகாஜூல் கணக்கில் நாற்பது சதவீதம்! கொஞ்சம் காற்றோடு போனாலும் மிச்சம் பெரிது. ஆனால் இரவு முழுவதும் போட்டு வைப்பதில் பயனில்லை. சில மணி நேரத்தில் உள்ளே வருவதும் வெளியே கசிவதும் சமமாகி, வெப்பநிலை அதற்கு மேல் ஏறாது. கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு ஓடத் தொடங்கும்படி டைமர் வைத்தால் போதும்.

டொயோட்டா வேறொரு யோசனை செய்தது. 2004 மாடல் ப்ரியஸின் அமெரிக்கப் பதிப்பில், சூடான கூலன்டை ஒரு வெற்றிடச் சுவர்க் குடுவையில் பிடித்து வைத்து, அடுத்த முறை ஸ்டார்ட் செய்யும்போது எஞ்சினுக்குத் திருப்பி அனுப்பினார்கள். அடுத்த தலைமுறையில் குடுவைக்குப் பதிலாக, சைலன்சர் வழியே வீணாகும் வெப்பத்தில் கூலன்டைச் சூடாக்கும் முறை வந்தது.

எந்த வழியாக இருந்தாலும் மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிடவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பனி குவிந்து சைலன்சர் வாயை அடைத்திருந்தால் திறந்த வெளியில்கூட அந்த வாயு காருக்குள் வந்துவிடும்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த கார் திடீரென்று சூடாக நேரம் எடுத்தால், பழக்கத்தையும் குளிரையும் குறை சொல்வதற்கு முன்னால் தெர்மோஸ்டாட்டைச் சந்தேகிக்கலாம். அது திறந்தபடியே சிக்கிக்கொள்வது சகஜம். ஸ்டார்ட் செய்த சில நிமிடங்களிலேயே, ஊசி ஏறுவதற்கு முன்பே, எஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸ் மெல்லச் சூடாகத் தொடங்கினால் வால்வு மூடவில்லை என்று அர்த்தம். விசிறியிலிருந்து கையைத் தள்ளி வைத்து ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். மாற்றுவதற்குப் பெரும்பாலான வண்டிகளில் அது பெரிய செலவுள்ள பாகம் இல்லை.