மார்பிங் – படத்திரிப்பு

பூம்புகார்க் கடலில் பாய்மரக் கப்பலொன்று செல்வதாகச் சொல்லும் படம் அண்மையில் வாட்ஸ்அப் வழியாக எனக்கு வந்தது. பாய்க்குப் பின்னே அடிவானத்தில் பாதி அமிழ்ந்த ஞாயிறு. அதன் கீழே 'பூம்புகாரில் அந்திப்பொழுது' என்றொரு வரி. கிழக்கு நோக்கிய அந்தக் கரையில் ஞாயிறு கடலிலிருந்து எழும், மாலையில் நிலத்தின் பக்கம்தான் இறங்கும். காலையில் எடுத்த படத்துக்கு யாரோ பொய்யான வரி எழுதியிருக்கலாம் என்று எண்ணி மீண்டும் பார்த்தேன். ஞாயிறு கப்பலுக்குப் பின்னால் நிற்க, நம்மை நோக்கிய பலகைகள் உச்சிவெயில் பட்டவைபோல் பளிச்சிட்டன. பாய் இடப்புறம் புடைத்திருக்க, கொடி வலப்புறம் பறந்தது. 'மார்பிங் செய்த படம்' என்று நண்பர் ஒருவர் முடிவு சொன்னார். அவருடைய ஐயம் சரியானதே, சொல்தான் பொருந்தவில்லை.

உருவம் என்னும் பொருள்தரும் 'மார்ஃபே' என்ற கிரேக்கச் சொல்லே இதன் வேர். புழு வண்ணத்துப்பூச்சி ஆவதுபோன்ற மாற்றத்தைக் குறிக்கும் 'மெட்டமார்ஃபோசிஸ்' அதிலிருந்து வந்தது. அதன் நடுத்துண்டே 'மார்ஃப்'. ஒரு முகம் கண்முன்னே மெல்ல மெல்ல மற்றொரு முகமாக மாறும் கணினி உத்திக்குத் திரைத்துறையினர் 1980களின் இறுதியில் இப்பெயரை வழங்கினர். அந்தப் பொருளுக்கு உருமாற்றம் என்னும் தமிழ்ச்சொல் போதும். நம் செய்தித்தாள்களோ ஒருவர் தலையை இன்னொருவர் உடலில் ஒட்டியதையும் மார்பிங் என்றே எழுதுகின்றன. அங்கே எதுவும் உருமாறவில்லை. வெட்டியும் ஒட்டியும் இருக்கிறார்கள், அவ்வளவே.

இதற்குப் படத்திரிப்பு என்னும் சொல்லை நான் பரிந்துரைக்கிறேன். பால் தானே திரிந்தால் அது திரிபு. ஒருவர் வேண்டுமென்றே செய்தியைத் திரித்தால் அது திரிப்பு. தேங்காய் நாரைத் திரித்துக் கயிறாக்கும் நம் ஊர்களில், இல்லாததைச் சொல்பவனையும் 'கயிறு திரிக்கிறான்' என்றுதான் சொல்கிறோம். செய்பவனின் கை அந்தச் சொல்லிலேயே தெரிகிறது.

புணர்ச்சி இலக்கணம் விகாரத்தை, அதாவது சொற்கள் சேரும்போது எழுத்தில் நேரும் மாற்றத்தை, தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்றாக வகுக்கும். பூங்கொடியில் ஓர் எழுத்துத் தோன்றியது, பொற்குடத்தில் திரிந்தது, மரவேரில் கெட்டது. கடற்படத்தைச் சோதிக்கும்போது இந்த மூன்றையும் கேள்விகளாக வைத்துக்கொள்வது எனக்குப் பெரிதும் உதவியிருக்கிறது.

படகு புதிதாகத் தோன்றியதா என்பதற்கு அடிவானமே நல்ல சாட்சி. படம் எடுப்பவரின் கண் நீர்மட்டத்திலிருந்து இரண்டு மீட்டர் உயரத்தில் இருந்தால், அருகிலுள்ள படகானாலும் சற்றுத் தொலைவிலுள்ள படகானாலும், அடிவானக் கோடு ஒவ்வொன்றையும் ஏறத்தாழ இரண்டு மீட்டர் உயரத்திலேயே வெட்டிச் செல்லும். ஒரே அளவான இரண்டு படகுகளில் ஒன்றை அணியத்தின் (படகின் முன்பகுதி) விளிம்பிலும் மற்றொன்றைப் பாய்மரத்தின் பாதியிலும் அக்கோடு வெட்டினால், அவற்றுள் ஒன்று வேறு படத்திலிருந்து வந்தது என்று துணிந்து ஐயுறலாம். நாகப்பட்டினம் கரையில் நின்றபடி இதைக் கண்ணாலேயே பழகிக்கொள்ளலாம்.

திரிதலைக் காட்டிக்கொடுப்பது காற்று. படகு பக்கவாட்டில் வெகுவாகச் சாய்ந்திருக்க, சுற்றியுள்ள நீர் குளம்போல் அசையாதிருந்தால், சாய்த்தது கொண்டல் காற்றா கணினியா என்று கேட்கவேண்டும். பாயில் எழுதிய எண் இடவலம் மாறித் தெரிந்தால் படத்தையே புரட்டியிருக்கக்கூடும். ஆயினும் மெல்லிய பாயின் மறுபக்கத்திலிருந்து பார்க்கும்போதும் எண் அப்படித் தெரியும்.

கெடுதலுக்குக் கயிறுகளைப் பார்க்கவேண்டும். பாய்மரத்தை (புகாரைப் பாடும் புறநானூற்றுப் பாட்டில் அதன் பெயர் கூம்பு) அணியத்தோடும் பக்கங்களோடும் இழுத்துக்கட்டும் மெல்லிய கயிறுகள், பின்னணியை அழிக்கும்போது பாதியில் அறுந்து வானத்தில் மறைந்துவிடும். படகிலிருந்து ஆளை நீக்கியவர்கள் நீரில் விழுந்த அவரது நிழலை மறந்துவிடுவதும் உண்டு.

படத்திரிப்பு கணினியோடு பிறந்ததன்று. 1850களிலேயே பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே என்னும் புகைப்படக் கலைஞர், அக்காலப் புகைப்படத் தகடுகள் வானையும் கடலையும் ஒரே ஒளியளவில் தெளிவாகப் பிடிக்காததால், இரண்டையும் தனித்தனியே எடுத்து ஒரே படமாக இணைத்தார். அதை நான் ஒட்டுப்படம் என்று சொல்வேன், திரிப்பு என்று சொல்லமாட்டேன். ஏனெனில் தகட்டின் குறையை ஈடுசெய்யவே அவர் அதைச் செய்தார். வெளிச்சத்தைக் கூட்டுவதும் ஓரத்தை வெட்டுவதும் திரிப்பாகா. பூம்புகாரில் ஞாயிறைக் கடலுக்குள் இறக்கிய படமோ திரிப்பேதான்.