பன்மடியம் என்றால் ‘பல குரோமோசோம்’ அல்ல

‘பாலிபிளாய்டி’ (செல்லில் இரண்டுக்கு மேற்பட்ட குரோமோசோம் தொகுதிகள் இருப்பது) என்ற சொல்லைக் கண்டதுமே ‘பல குரோமோசோம் தன்மை’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். கள்ளிக் குடும்பத்தைப் பற்றிய கட்டுரைகளில் இந்தப் பிழை ஓயாமல் கண்ணில் படுகிறது. (இங்கே கள்ளி என்பது கேக்டேசி, திருகுகள்ளியும் சதுரக்கள்ளியும் வேறு குடும்பம்.)

மூலம் கிரேக்கம். ‘ஹாப்லூஸ்’ ஒற்றை, ‘டிப்லூஸ்’ இரட்டை. ‘ப்லூஸ்’ என்பது மடிப்பு. ஹாப்ளாய்டு, டிப்ளாய்டு இரண்டும் 1905இல் தாவரவியலாளர் ஸ்ட்ராஸ்பர்கர் தந்தவை; பாலிபிளாய்டு 1916இல் இன்னொரு தாவரவியலாளர் விங்க்ளர் தந்தது.

தமிழிலும் துணியை மடிப்பதற்கும் இரண்டு மடங்காவதற்கும் வேர் ஒன்றுதான். மும்மடிச் சோழன் என்ற பட்டத்திலேயே அந்த மடி இருக்கிறது. ஆக இருமடியம், மும்மடியம், நான்மடியம், எண்மடியம், பன்மடியம். இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தும் கலைச்சொல் அரிது.

‘பல குரோமோசோம்’ ஏன் தவறு? கள்ளிக் குடும்பத்தின் அடிப்படை எண், அதாவது ஒரு தொகுதியில் உள்ள குரோமோசோம்கள், 11. சகுவாரோ என்ற பெரிய தூண்கள்ளி 22 குரோமோசோம் கொண்ட இருமடியம். மஞ்சள் டிராகன் பழச்செடி 44, நான்மடியம். மனிதருக்கு 46 இருந்தும் நாம் இருமடியம்தான். 46ஐ விட்டுவிட்டு 44ஐ மட்டும் ‘பல’ என்பது என்ன கணக்கு? எண்ணப்படுவது குரோமோசோம் அல்ல, அவற்றின் தொகுதி.

‘இரட்டைமயம்’ என்பாரும் உண்டு. மயம் என்றால் நிறைந்திருத்தல்: இருள்மயம், பொன்மயம். அதில் எத்தனை மடங்கு என்ற பொருளே இல்லை. ‘எட்டுமயம்’ என்று சொல்லிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இதைவிடக் கேடானது 2n என்று கண்ட இடத்திலெல்லாம் ‘இருமடியம்’ என்று போடுவது. பழத்துக்காக வளர்க்கும் சப்பாத்திக்கள்ளி ஒபன்ஷியா ஃபைகஸ்-இண்டிகாவுக்கு 2n = 8x = 88. இதில் n என்பது பாலணுவின் எண்ணிக்கை, 44. x என்பது அடிப்படைத் தொகுதி, 11. 2n என்பது உடற்செல்லின் எண்ணிக்கையைத்தான் சொல்கிறது; மடியத்தைச் சொல்வது x-க்கு முன்னால் நிற்கும் எண். அதை மொழிபெயர்ப்பாளர் கவனிக்காவிட்டால் எண்மடியச் செடி இருமடியமாகிவிடும். ஒபன்ஷியாக்களின் பரிணாமத்தில் தொகுதிகள் பெருகிய கதையே காணாமல் போகும். 33 குரோமோசோம் கொண்ட மும்மடியச் ‘சோயா’ (cholla, ஒரு கள்ளி; சோயா மொச்சை அல்ல) வகைகளும் இப்படித்தான் குழம்பும். அவற்றில் மூன்று தொகுதிகள் சரியாக இணைசேர முடியாததால் விதை அரிது. உதிர்ந்த தண்டுத் துண்டு வேர்விட்டே பெருகுகின்றன.

எண்ணுவதற்கு வேர்நுனியை எடுப்பது அங்கே செல்கள் பிரிந்துகொண்டே இருப்பதால்தான்; பிரியும்போதுதான் குரோமோசோம்கள் தெளிவாகத் தெரியும். முதிர்ந்த தண்டில் செல் பிரியாமலேயே டி.என்.ஏ. இரட்டிப்பதுண்டு, அது ‘உள்பன்மடியம்’. அதை அளந்துவிட்டுச் செடியே பன்மடியம் என்று எழுதினால் தவறு.

குரோமோசோமை நிறப்புரி என்பதா, நிறமூர்த்தம் என்பதா என்று மல்லுக்கட்டுகிறோம். சாயம் ஏற்பதால் 1888இல் வால்டயர் இட்ட பெயர் அது. எப்படி எழுதினாலும் பொருள் கெடாது. கள்ளிக்கு 2n = 8x = 88 என்று வந்தால் மட்டும் ‘எண்மடியம், அடிப்படை எண் 11’ என்று எழுதுங்கள்.