அரசாணையை நீதிமன்றம் எப்படி ரத்து செய்கிறது?

சட்டமன்றம் சட்டம் இயற்றும், அரசாங்கம் நிறைவேற்றும், நீதிமன்றம் அது சரியா என்று பார்க்கும். குடிமையியல் பாடத்தில் இதைப் படித்திருப்பீர்கள். சரி, நீதிமன்றம் எப்படிப் பார்க்கிறது? நம் ஊரில் தொடங்கி டெல்லி வரை போன செண்பகம் துரைராஜன் வழக்கு அதை நன்றாகக் காட்டும்.

1950இல் சென்னை மாநில மருத்துவ, பொறியியல் கல்லூரி இடங்கள் வகுப்புவாரி அரசாணைப்படி நிரப்பப்பட்டன. ஒவ்வொரு 14 இடத்திலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்கள், பிராமணர்கள், ஆணையில் ‘ஹரிஜனங்கள்’ எனப்பட்டோர் ஆகியோருக்குத் தலா 2, ஆங்கிலோ-இந்தியர், இந்தியக் கிறிஸ்தவர் இரு சாராருக்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1. அந்த ஆண்டு ஜனவரியில்தான் அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. மதம், சாதி ஆகியவற்றை மட்டுமே காரணம் காட்டி அரசுக் கல்லூரியில் இடம் மறுக்கக் கூடாது என்கிறது அதன் 29(2)ஆம் பிரிவு. அதைச் சுட்டிக்காட்டி, மருத்துவக் கல்லூரியில் சேர விரும்பிய பிராமணப் பெண்ணான செண்பகம், உரிமை மீறப்பட்டால் உயர் நீதிமன்றத்தை நேரடியாக நாட வழி தரும் 226ஆம் பிரிவின் கீழ் அங்கே மனு போட்டார்.

பெரும்பாலும் இப்படி ஒருவர் கதவைத் தட்டினால்தான் நீதிமன்றம் ஒரு ஆணையைக் கையில் எடுக்கும். இத்தகைய வழக்கில் சாட்சிக் கூண்டுக்குப் பெரிதாக வேலை இல்லை. ஒரு பக்கம் அரசாணை, மறு பக்கம் அரசமைப்புச் சட்டம். இரண்டும் மோதுகின்றனவா என்பதுதான் கேள்வி. மோதுகின்றன என்றது உயர் நீதிமன்றம். அரசு மேல்முறையீடு செய்தது. நலிந்த பிரிவினரின் கல்வியை வளர்க்கச் சொல்லும் 46ஆம் பிரிவைக் காட்டி வாதாடியது. அது அரசுக்கு வழிகாட்டும் நெறிமுறை, 29(2) தரும் அடிப்படை உரிமையை அதனால் மீற முடியாது என்று 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தார்கள்.

இப்படித் தீர்ப்பு சொன்னதற்காக நீதிபதிகளை அரசாங்கம் வீட்டுக்கு அனுப்ப முடியாது. நிரூபிக்கப்பட்ட தவறான நடத்தை அல்லது இயலாமை இருந்தால் மட்டுமே, நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் சிறப்புப் பெரும்பான்மையோடு தீர்மானம் நிறைவேற்றி, குடியரசுத் தலைவர் வழியாக நீக்க முடியும். அந்தப் பாதுகாப்பு இல்லாவிட்டால் அரசுக்கு எதிராக யார் தீர்ப்பு எழுதுவார்கள்?

ஆனால் தலைமுறை தலைமுறையாகப் பள்ளிக்கூட வாசலையே மிதிக்க விடப்படாதவர்களுக்கு இந்தத் தீர்ப்பு பேரிடி. பெரியார் தலைமையில் தமிழகம் கொதித்தது. அப்புறம் என்ன வழி? தீர்ப்பை மீறி அந்த ஆணையைத் தொடர முடியாது. நீதிமன்றமோ ஆணை செல்லாது என்று சொல்லலாமே தவிர, புதிதாக ஒரு பிரிவை எழுதிச் சேர்க்க முடியாது. அது நாடாளுமன்றத்தின் வேலை. 1951 ஜூனில் முதல் அரசமைப்புத் திருத்தம் வந்தது. சமூக நிலையிலும் கல்வியிலும் பின்தங்கிய வகுப்பினருக்கும் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் அரசு தனி ஏற்பாடு செய்யலாம் என்ற 15(4) பிரிவு பிறந்தது. இன்றும் கல்லூரி இட ஒதுக்கீட்டுக்குப் பலமான அடித்தளம் அதுதான்.

அப்படியானால் நாடாளுமன்றம் எதை வேண்டுமானாலும் திருத்தலாமா? அந்தக் கேள்விக்கு 1973இல் கேசவானந்த பாரதி வழக்கில் பதில் வந்தது. 13 நீதிபதிகளில் 7 பேர் சொன்னார்கள்: திருத்தலாம், ஆனால் அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைக்கக் கூடாது.