நாரை கடல் தாண்டும் கணக்கு

ஸ்பெயினின் தென்கோடியில் தாரிஃபா என்ற ஊரின் கரையோர மேட்டில் நின்றால், எதிரே மொராக்கோவின் ஜெபல் மூசா மலை கண்ணுக்குத் தெரியும். நடுவில் கிடக்கும் ஜிப்ரால்டர் நீரிணையின் அகலம், மிகக் குறுகிய இடத்தில் 14 கிலோமீட்டர்தான். ஆப்பிரிக்காவில் குளிர்காலத்தைக் கழித்த பெரிய பறவைகள் வசந்தத்தில் மேற்கு ஐரோப்பாவுக்குத் திரும்பும்போது இந்த இடுக்கைத் தேடியே வருகின்றன. நாம் படகில் ஒரு மணி நேரத்தில் கடந்துவிடும் இந்தத் தூரம், ஒரு நாரைக்கு உயிர்ப் பிரச்சினை.

செங்கால் நாரையின் எடை 3 முதல் 4 கிலோ. உடல் எடை கூடக் கூட, சிறகடித்துப் பறக்கத் தேவைப்படும் சக்தி, தசைகளால் தர முடிந்த சக்தியைவிட வேகமாகக் கூடுகிறது. அதனால் நாரை, பருந்து, கழுகு, பாறு (பிணந்தின்னிக் கழுகு) எல்லாம் ஏறுகாற்றை நம்பியே நெடுந்தூரம் போகின்றன. வெயிலில் காயும் தரை தன்மேல் உள்ள காற்றைச் சூடாக்கும். அது மேலெழும்போது பறவை சிறகை விரித்தபடி வட்டமிட்டு உயரும், உச்சியிலிருந்து சறுக்கிக்கொண்டே அடுத்த ஏறுகாற்றுக்குப் போகும். கடலில் இது நடக்காது. நீர் மெதுவாகத்தான் சூடேறும், வாங்கிய வெப்பத்தையும் ஆழத்துக்குக் கலந்துவிடும். வசந்தத்தில் நீரிணையின் மேற்பரப்பு குளிர்ந்தே கிடக்கும். கரையை விட்டால் மேலே தூக்கிவிட எதுவும் இல்லை.

ஒரு நாரை 1 மீட்டர் கீழிறங்கும்போது சுமார் 15 மீட்டர் முன்னே போகும் என்று வையுங்கள். மொராக்கோ கரையில் 1,000 மீட்டர் உயரம் ஏறிவிட்டுப் புறப்பட்டால் 15 கிலோமீட்டர் சறுக்கலாம். 14 கிலோமீட்டர் கடலைத் தாண்டி, ஸ்பெயின் கரையில் கையிருப்பு 70 மீட்டர் உயரம்கூட இல்லை. இதுவும் காற்றே வீசாத நாளில்.

நீரிணையில் காற்று பெரும்பாலும் பக்கவாட்டில்தான் அடிக்கும். கிழக்கிலிருந்து வருவது லெவாந்தே, மேற்கிலிருந்து வருவது பொனியெந்தே. பறவையின் வேகம் மணிக்கு 45 கிலோமீட்டர், பக்கக் காற்று மணிக்கு 30 கிலோமீட்டர் என்றால் இரண்டே வழி. காற்றை எதிர்த்துச் சாய்ந்து நேர்கோட்டைப் பிடித்துப் பறந்தால் முன்னேறும் வேகம் 33 ஆகக் குறையும். 1,000 மீட்டர் உயரத்துக்கு 11 கிலோமீட்டர்தான் கிடைக்கும். மீதி 3 கிலோமீட்டரைச் சிறகடித்தே தீர்க்க வேண்டும். எதிர்க்காமல் காற்றோடு போனால் கடலைத் தாண்டிவிடலாம், ஆனால் 9 கிலோமீட்டர் தள்ளித்தான் கரையேறும். பல பறவைகள் இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்றைச் செய்கின்றன.

இந்தப் பறவைகளைப் பார்க்க எங்கே நிற்பது என்பதையும் இதே கணக்குதான் சொல்கிறது. லெவாந்தே அடித்தால் பறவைகள் மேற்கே தள்ளப்படும். தாரிஃபாவுக்கு மேற்கே லோஸ் லான்செஸ் கடற்கரை, அதற்கும் அப்பால் பொலோனியா பக்கம் போக வேண்டும். பொனியெந்தே என்றால் அல்ஹெசிராஸ், ஜிப்ரால்டர் பாறைப் பக்கம். பாறையின் உச்சியில் கொடிபோல ஒரு மேகம் ஒட்டிக்கொண்டு நின்றால் அது லெவாந்தேயின் அடையாளம். காற்று மிகக் கடுமையானால் ஏறுகாற்றே சிதறிப்போகும், எந்தப் பறவையும் கடக்காது. மறுகரையில் பறவைகள் சேர்ந்துகொண்டே இருக்கும். இரண்டு மூன்று நாள் காற்றுக்குப் பிறகு அது தணியும் முதல் நாளைத் தவறவிடாதீர்கள்.

கடிகாரத்தையும் கவனிக்க வேண்டும். ஏப்ரல் கடைசியில் இங்கே சூரியன் உதிப்பதே காலை 7.30 அளவில். உச்சிப்பொழுது 2.20 வாக்கில். எனவே காலை 8 மணிக்கே கழுகுகளை எதிர்பார்த்து வானத்தைப் பார்ப்பது வீண். அந்த நேரம் புதர்களில் இறங்கியிருக்கும் சிறு பறவைகளுக்கு உரியது.

கதிர்க்குருவி போன்ற சிறு பறவைகளின் வழி வேறு. குளிர்ந்து அடங்கிய காற்றில் இரவெல்லாம் சிறகடித்தே பறக்கின்றன. எரிபொருள் கொழுப்பு. ஒரு கிராம் கொழுப்பு, அதே எடை மாவுச்சத்தைவிட இரு மடங்குக்கு மேல் ஆற்றல் தரும், எரியும்போது நீரும் கிடைக்கும். 18 கிராம் உள்ள தோட்டக் கதிர்க்குருவி சகாராவைத் தாண்டுமுன் எடையில் ஏறத்தாழ இரு மடங்காகும். கடந்து வந்த பிறகு நிலை எப்படி என்பதை பறவைகளைப் பிடித்துக் காலில் அடையாள வளையம் மாட்டுபவர்களின் கையில் பார்க்கலாம். பறவையை மல்லாத்திப் பிடித்து நெஞ்சு இறகுகளை மெல்ல ஊதி விலக்குவார்கள். கழுத்தடிக் குழியில் தோலுக்கடியில் மஞ்சளாகக் கொழுப்பு தெரியும். 0 முதல் 8 வரை மதிப்பிடுவார்கள். 0 வாங்கும் பறவையின் நெஞ்செலும்பு கத்திமுனைபோல விரலில் தட்டுப்படும். கொழுப்பு தீர்ந்தபின் அது தன் தசையையே எரித்திருக்கிறது. குடலும் சுருங்கியிருப்பதால் முதல் ஓரிரு நாள் தின்றாலும் எடை சரியாக ஏறாது. மத்தியதரைக் கடல் தீவுகளில் இறங்கும் தோட்டக் கதிர்க்குருவிகள் பூந்தேனைக் குடிப்பதுண்டு. நெற்றி இறகில் ஒட்டிய மகரந்தம் காட்டிக்கொடுத்துவிடும்.

நல்ல காற்றும் தெளிந்த வானமும் இருந்த இரவுக்குப் பின் கரையோரப் புதர்கள் வெறிச்சோடிக் கிடந்தால் வருந்த வேண்டாம். பறவைகள் நிற்காமல் உள்நாட்டுக்குப் போய்விட்டன, அவற்றுக்கு அது நல்ல இரவு. நடு இரவில் மழையோ எதிர்காற்றோ மறித்தால்தான் கண்ட முதல் நிலத்தில் விழுந்தடித்து இறங்கும். அப்போது ஒரே புதரில் பத்து இனம் இருக்கும். அந்தக் காலையில் பாதையை விட்டு இறங்காதீர்கள், அழைப்பொலி போட்டுக் கூப்பிடாதீர்கள். எழுப்பிவிடும் ஒவ்வொரு முறையும் பறவையின் நெஞ்சுத் தசையிலிருந்துதான் செலவாகும்.

10 மணிக்கு மேல் கடலைப் பாருங்கள். 8x42 (8 மடங்கு பெரிதாக்கும்) பைனாகுலர் போதும். 10 மடங்கு என்றால் காற்றில் கை நடுங்குவதால் பயன்படாது. முதலில் தூரத்து மலையிலோ மேகத்திலோ குவியத்தைச் சரிசெய்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் கண்ணெதிரே பறவை போனாலும் மங்கலில் கரைந்துவிடும். வெறும் நீல வானத்தில் உயரப் பறப்பவை தெரியவே தெரியாது, மேகத்தின் முன்னால் தேடுங்கள். டெலஸ்கோப்பை மதியத்தில் 30 மடங்குக்கு மேல் திருப்பினால் கானல் மட்டுமே பெரிதாகும். வட்டமிடும் கூட்டத்தை எண்ண முயன்றால் பிழைதான். உச்சியிலிருந்து பிரிந்து வரிசையாகச் சறுக்கும்போது பத்துப் பத்தாக எண்ணலாம்.

எந்த மாதம் எது என்பதும் முறையாகவே நடக்கும். மார்ச்சில் கரும்பருந்து, குட்டைவிரல் பாம்புக்கழுகு, மஞ்சள்முகப் பாறு. கடைசியாகச் சொன்னது திருக்கழுக்குன்றத்துக்கு வந்துகொண்டிருந்த அதே இனம். ஏப்ரல் முடிந்து மே தொடங்கும்போது ஐரோப்பியத் தேன்பருந்துகள் குவியும். நாரைகளில் வயது வந்தவை பிப்ரவரிக்குள் வந்துவிடும். இப்போது நிறைய நாரைகள் ஸ்பெயினின் குப்பைமேடுகளிலேயே குளிர்காலத்தைக் கழித்துக் கடல் தாண்டுவதையே விட்டுவிட்டன.

கடைசிக் கிலோமீட்டர்தான் பார்க்கக் கடினமானது. 7 கிலோவுக்கு மேல் எடையுள்ள யூரேசியப் பாறு அலைக்குச் சற்று மேலே, நான்கைந்து முறை சிறகடித்து, சறுக்கி, மறுபடி சிறகடித்து வரும். அதற்குள் மஞ்சள்கால் கடற்காக்கைகள் மேலிருந்து பாய்ந்து துரத்தும்; விலகப் போய் உயரத்தை இழந்தால் நீரில்தான் விழ வேண்டும். தப்பிக் கரையேறிய பறவை மணலிலேயே அலகு திறந்து உட்கார்ந்திருக்கும். படம் எடுக்கக் கிட்டே போகாமல், நாயைப் பிடித்துக்கொண்டு, தூரத்தில் உட்கார்ந்திருங்கள். மூச்சு வாங்கிய பிறகு, பின்னால் இருக்கும் குன்றின் சூடான சரிவைத் தேடி அது தானாகவே எழும்.