மதம்: ஆண் யானைக்கு வருவது என்ன?

பெப்ரவரியில் கங்காராம விகாரையின் நவம் பெரஹரா நெருங்கினால் கொழும்பில் யானைப் பேச்சும் தொடங்கிவிடும். எங்காவது ஒரு யானை மிரண்டு ஓடினால் போதும், ‘மதம் பிடித்த யானை’ என்று எழுதிவிடுகிறோம். ஓடியது பெண் யானை என்றாலும் அதே சொல்தான். வெடிச்சத்தத்துக்கும் கூட்டத்துக்கும் பயந்து ஓடுவது வேறு, மதம் வேறு.

மதம் என்பது வளர்ந்த ஆண் யானைக்கு வந்து போகும் உடல்நிலை. சில வாரமும் இருக்கலாம், சில மாதமும் நீளலாம். கண்ணுக்கும் காதுக்கும் நடுவிலுள்ள சுரப்பி வீங்கி, கருமையான பிசுபிசுத்த நீர் கன்னத்தில் வழியும். சிறுநீர் சொட்டிச் சொட்டிப் பின்னங்கால்களின் உட்பக்கம் நனைந்தே கிடக்கும். தந்தமுள்ள கொம்பனுக்கு மட்டுமல்ல, நம் நாட்டில் அதிகமாக உள்ள, தந்தமில்லாத அலியனுக்கும் இது வரும்.

சொல் வடமொழியிலிருந்து வந்தது: போதை, களிப்பு, செருக்கு என்று பொருள். சமயத்தைக் குறிக்கும் மதம் வேறு சொல். வடமொழியில் இரண்டுக்கும் ஒலி வேறு. தமிழில் இரண்டும் ஒரே ‘த’வில் வந்து விழுந்துவிட்டன. சிங்களவரும் இந்த நிலையை ‘மத’ என்றுதான் சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் வழங்கும் ‘மஸ்த்’ போதையேறியவன் என்னும் பாரசீகச் சொல். நம் மதத்துக்குத் தூரத்து உறவு.

தனித்தமிழில் வேண்டுமானால் ‘கடாம்’ இருக்கிறது. வழியும் மதநீருக்கு அதுதான் பழைய பெயர். குறள் 1087இல் வரும் ‘கடாஅக் களிறு’ மதநீர் ஒழுகும் ஆண் யானையே. ஆனால் இன்று கடாம் என்றால் யாருக்கு விளங்கும்? நீருக்கு மதநீர், நிலைக்கு மதநிலை என்று எழுதினால் போதும் என்பது என் கட்சி.

இனி, உள்ளே நடப்பது. நம் பாடப்புத்தகங்கள் ‘ஓமோன்’ என்று எழுதும் ஹார்மோன், ‘தூண்டிவிடுகிறேன்’ என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து 1905இல் ஆங்கிலேய உடலியலாளர் ஸ்டார்லிங் புழக்கத்துக்குக் கொண்டுவந்த பெயர். ‘இயக்குநீர்’ என்பதும் நல்ல தமிழ்தான். மதத்தில் பொங்கும் ஓமோன் டெஸ்டோஸ்டிரோன், ஆண்களின் முக்கிய பாலின ஓமோன். ஆய்வாளர் ஜைனுதீனும் வேறு இருவரும் ஆசிய யானைகளின் இரத்தநீரில் அளந்து 1972இல் வெளியிட்ட கணக்கு இது: சாதாரண நாளில் மில்லிலீட்டருக்கு 0.2 முதல் 1.4 நனோகிராம், முழு மதத்தில் 29.6 முதல் 65.4.

அப்படியானால் எல்லாம் ஓமோன் செய்யும் வேலையா? தென்னாப்பிரிக்காவின் பிலானஸ்பேர்க் பூங்காவில் நடந்ததைப் பாருங்கள். குரூகர் பூங்காவில் பெரிய யானைகளைச் சுட்டுக் குறைத்தபோது அநாதையான குட்டிகளை அங்கே கொண்டுபோய் விட்டார்கள். தட்டிக் கேட்கப் பெரிய ஆண் ஒன்றுமில்லாமல் வளர்ந்தன. ஆபிரிக்க ஆண் யானைக்கு மதம் வழக்கமாக 25 வயதுக்குப் பிறகுதான் வரும். இவற்றுக்கு 18 வயதிலேயே வந்து, மாதக்கணக்கில் நீடித்தது. 1992 முதல் 1997 வரை 40க்கு மேற்பட்ட வெள்ளைக் காண்டாமிருகங்களைக் கொன்றன. 1998இல் குரூகரிலிருந்து ஆறு முதிர்ந்த ஆண் யானைகளைக் கொண்டுவந்தார்கள். மதத்திலிருக்கும் பெரியது எதிரே வந்து நின்றால் சிறியதன் மத அடையாளங்கள் அடங்கிவிடும், சில சமயம் நிமிடங்களுக்குள். இளசுகளின் மதக்காலம் சுருங்கியது. காண்டாமிருகக் கொலையும் நின்றது.