உள்ளறைக்கு எந்த வண்ணம்?

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் எங்கள் அப்பத்தா வீட்டு உள்ளறைக்கு ஜன்னல் கிடையாது. வளவிலிருந்து, அதாவது வீட்டின் நடுமுற்றத்துப் பகுதியிலிருந்து, கதவு வழியாக வரும் வெளிச்சம்தான், மற்றபடி ஒரு பல்பு. அந்த அறைக்குச் சித்தப்பா இளநீலம் அடித்தார். கடையில் அட்டையில் பளிச்சென்று இருந்த நீலம், சுவரில் ஏறியதும் சாம்பலில் பச்சை கலந்தது போல மங்கிவிட்டது. பெயிண்ட்டில் குறை ஏதுமில்லை.

தன்மேல் விழும் வெளிச்சத்தில் ஒரு பகுதியைச் சுவர் விழுங்கிவிட்டு, மீதியைத் திருப்பி அனுப்புகிறது. நாம் நிறம் என்று பார்ப்பது அந்த மீதியைத்தான். கடையில் எரிந்தது வெள்ளை டியூப்லைட், சுமார் 6500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு; எண் குறையக் குறைய மஞ்சள் கூடும்). உள்ளறையில் இருந்தது 2700 கெல்வின் மஞ்சள் பல்பு. அதன் வெளிச்சத்தில் நீலம் மிகக் குறைவு. வராத நீலத்தைச் சுவர் எங்கிருந்து திருப்பித் தரும்?

அடுத்தது, வெளிச்சத்தின் அளவு. மூடிய அறையில் ஒளி ஒரு தடவை பட்டதோடு நிற்பதில்லை. சுவருக்குச் சுவர் மோதிக்கொண்டே இருக்கும். சுவர், தரை, கூரை எல்லாம் 80 சதவீதம் ஒளியைத் திருப்பினால், முதலில் 100, பிறகு 80, பிறகு 64 என்று கூடிக்கூடி, பல்பு தந்ததைப் போல 5 மடங்கு ஒளி அறைக்குள் புழங்கும். 50 சதவீதம்தான் திருப்பும் என்றால் வெறும் 2 மடங்கு. முட்டை வெண்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சைக் கண்ணாடி போலத் தேய்த்து வைத்த வெள்ளைச் சுவர்கள், நம் வீடுகளின் இருண்ட உள்பகுதிகளுக்கு எவ்வளவு பெரிய உதவி என்று இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது.

ஆனால் இந்த மோதலுக்கு இன்னொரு விளைவும் உண்டு. மோதும்போதெல்லாம் ஒளியில் சுவரின் நிறம் கொஞ்சம் ஏறும். அட்டையில் இளமஞ்சளாக இருப்பது நான்கு சுவரிலும் அடித்தால் அடர்மஞ்சளாகத் தெரிவது அதனால்தான். பிடித்த நிறத்தைவிட ஒரு படி வெளிர் நிறம் எடுங்கள்.

செங்கல் சிவப்பு வேண்டாம் என்பேன். செக் நாட்டு அறிஞர் புர்க்கின்யே 1819-இல் கவனித்தது இது: வெளிச்சம் குறையக் குறைய, சிவப்புதான் முதலில் கறுத்துப்போகும். பகலில் நம் கண்ணுக்கு 555 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளி, அதாவது மஞ்சள் கலந்த பச்சை, அதிகப் பிரகாசமாகத் தெரியும். அரையிருட்டில் அது 507 பக்கம், நீலப்பச்சைக்கு, நகர்ந்துவிடும்.

சரி, எப்படித் தேர்ந்தெடுப்பது? இரண்டடி அட்டையில் இரண்டு கோட் அடித்து, நன்றாகக் காய்ந்ததும் அந்த அறைக்குள்ளேயே நிறுத்திப் பாருங்கள். காலையில் ஒரு தடவை, ராத்திரி பல்பு வெளிச்சத்தில் ஒரு தடவை. தரையோரமாகவும் வையுங்கள், தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லின் சிவப்பு, சுவரின் கீழ்ப்பகுதியில் தெரியும். பழைய சுண்ணாம்புச் சுவராக இருந்தால் பிளாஸ்டிக் எமல்ஷன் வேண்டாம். சுவரிலுள்ள ஈரம் வெளியேற வழியில்லாமல் பெயிண்ட் கொப்பளித்து உரியும்.

மறுமுறை சித்தப்பா மூன்று அட்டைகளை ஒரு வாரம் அந்த அறையில் வைத்திருந்தார். கடைசியில் கூரைக்கு வெள்ளை, சுவருக்கு வெளிர்சந்தனம். பல்பு அதே பல்புதான்.